போஸ்டர் மைதாவில் செய்த பழ பப்ஸ்

அந்த வாரம் முழுக்கக் காலையில் கண் விழித்ததும் மூக்கில் ஏறியது கனிந்து கருத்த வாழைப்பழத்தின் வாசம்தான். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிய தார்கள் எங்கள் எதிர்வீட்டு மண்டியில் குவிந்து கிடந்தன. ஏற்றிப்போக லாரி இல்லை. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த எண்பதுகளின் பிற்பகுதி அது. உளுந்தூர்பேட்டை வரைக்கும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மண்டிக்காரர் போகிறவர் வருகிறவர்களைக் கூப்பிட்டுச் சீப்புச் சீப்பாகக் கொடுத்தார். இரண்டு நாளில் மாடுகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது பழம் அல்ல, மாப்பிள்ளை வீட்டார். மறியலுக்கு முந்தின நாள் சாயங்காலம் கமலா அக்காவைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மா அப்பாவும் வந்திருந்தார்கள். பஜ்ஜியும் கேசரியும் எல்லா வீட்டிலும் கிடைக்கும் என்று என் சித்தி, பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த பேக்கரியில் ஜாம் வைத்த பப்ஸ் வாங்கிவந்து எவர்சில்வர் தட்டில் அடுக்கினாள். அதோடு விட்டாளா? "எல்லாம் எங்க பொண்ணு கையால செஞ்சதுங்க" என்று ஒரு போடு போட்டாள். பெண் பார்க்கிற வீட்டில் இது வழக்கமாகச் சொல்வதுதான். கேட்பவர்களும் தலையை ஆட்டிவிட்டு ஊர்போய்ச் சேருவார்கள். இவர்களால் போக முடியவில்லை. இருட்டிவிட்டது, தூரத்து உறவுதானே என்று அப்பா நிறுத்திக்கொண்டார். விடிந்தபோது பஸ் நின்றுவிட்டது.

அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா அதை நினைத்தே பாதி இளைத்திருந்தாள். ஆனால் இந்தத் தடவை அக்காவுக்கே மனசு விழுந்துவிட்டது. கிணற்றடியில் தண்ணீர் சேந்தும்போது மாப்பிள்ளை வந்து, "டைப்ரைட்டிங் ஹையரு முடிச்சிடு, நடுவுல வுட்டுடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். "எனக்கு இவரப் புடிச்சிருக்குடி" என்று என் காதில் சொன்னாள். எனக்கும் பிடித்திருந்தது, அவர் கடலை மிட்டாயை என்னோடு சரிபாதி பிட்டுக்கொள்வார்.

மறியல் நீண்டுகொண்டே போனது. மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரி, சும்மா உட்காரத் தெரியாதவர். ஒரு நாள் மத்தியானம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்துகினு இன்னா பண்றது? அந்த பப்ஸு இன்னொரு தபா போடும்மா. பழந்தான் தெருவுல கெடக்குதே. நானும் பாத்துக்கறேன்."

சித்தியின் முகம் செத்துப்போயிற்று. கடையெல்லாம் பூட்டு, மைதா இல்லை என்று அம்மா மெல்ல நழுவப் பார்த்தாள். எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மறியல்காரப் பையன், "பசை காய்ச்சி போஸ்டர் ஒட்ட வாங்குனது அக்கா, எடுத்துக்குங்க" என்று ஒரு பை மைதாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். உதவி என்றால் அப்படி ஓர் உதவி.

அக்கா மாவு பிசைந்தாள். பழத்தைப் பிசைந்து உள்ளே வைத்து மடித்து, காய்ந்த கடலை எண்ணெயில் போட்டாள். போட்டதெல்லாம் வாயைப் பிளந்தது. பழக்கூழ் எண்ணெயில் இறங்கிப் படபடவென்று வெடித்து வீடெல்லாம் புகை. "பழம் சரியில்லைங்க, நல்ல பழமா இருந்தா தூக்கினு வரும்" என்று சித்தி சமாளித்தாள்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "பழத்து மேல தப்பு இல்லைங்க. அன்னைக்கு வச்சது கடையில வாங்கினது. எனக்கு இது செய்யத் தெரியாதுங்க."

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். அந்த அம்மாள் சித்தியை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அக்காவை.

"அப்ப இன்னாதான் தெரியும் ஒனக்கு?"

"சோறு கொழம்பு ஆக்குவேன். களி கிண்டுவேன். மீன் கழுவ வராதுங்க."

"எனக்கும் இந்தப் பப்ஸு தெரியாது. அடுப்பக் கம்மி பண்ணு, பாக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமா இல்லையா என்று யாருக்கும் பிடிபடவில்லை. இருவரும் தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்தார்கள். பழத்தை வெல்லம் போட்டுச் சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை கிளற வேண்டும். ஈரம் இருந்தால் வெடிக்கும். மாவில் சுடுகிற எண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து, மெல்லிய அப்பளமாக இட்டு, எண்ணெயும் அரிசிமாவும் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, துண்டு போட்டு மறுபடி இட வேண்டும். பூரணம் வைத்து மடித்து ஓரத்தை அதே போஸ்டர் மைதாவைக் கரைத்துத் தடவி ஒட்டினோம். சின்னத் தீயில் வெந்ததும் அடுக்கடுக்காக விரிந்தது. செலவு வெல்லத்துக்கும் எண்ணெய்க்கும்தான். நான் சூடு ஆறும்முன் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

சாலை திறந்தது. கிளம்பும் நாள்வரை அவர்கள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. "வாய மூடிகினு இருந்தா இன்னா கொறைஞ்சி பூடும்?" என்று சித்தி அக்காவை நாள் முழுக்க வறுத்தெடுத்தாள். அக்கா அழவில்லை, சாப்பிடவும் இல்லை.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அந்த அம்மாள் திரும்பினார். "மீதி பப்ஸ வாழையெலையில கட்டிக் குடுங்க. ஊர்ல கேக்கறவங்களுக்கு எம் மருமவ கையால செஞ்சதுன்னு சொல்லிக் குடுக்கணும். இது நெசமாச்சே."

மருமகள் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா அடுக்களைக்கு ஓடிப்போய் இலையைத் தேடினாள். இலை அவள் கையில்தான் இருந்தது.

இப்போது உளுந்தூர்பேட்டை சாலையில் அந்தப் புளியமரங்கள் இல்லை. அகலமாகிவிட்ட தார் மட்டும்தான். பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை. போன மாதம் திண்டிவனத்தில் அக்கா மகனைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். அக்கா அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பழ பப்ஸைத் தட்டில் வைத்து, யாரும் கேட்பதற்கு முன்பே, "இது கடையில வாங்கினதுங்க" என்றாள். வந்தவர்கள் சிரித்தார்கள், எதற்கு இதைப் போய்ச் சொல்கிறாள் என்று. அக்காவின் மாமியார் உயிரோடு இருந்தவரை அவள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் உள்ளறையிலிருந்து, "போஸ்டர் மாவுதான் கெடைக்கலியா?" என்று ஒரு குரல் வரும். அக்கா பழக்கதோஷத்தில் உள்ளறைப் பக்கம் திரும்பினாள். பிறகு தட்டை எல்லோருக்கும் நீட்டினாள்.