ஐந்து பேர் ஏறிய கார்

பெட்டியை மூடுவதற்குள் அண்ணனின் முகத்தை அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும். அன்றைக்கு எனக்கிருந்த ஒரே பதைப்பு அதுதான். அவன் இஷொய் என்ற ஊரில் மாரடைப்பில் போய்விட்டான். நாங்கள் இருப்பது விபோர்க்கில். நடுவில் இரண்டு பாலமும் பாதி நாடும் கிடக்கிறது. மதியத்தோடு மூடிவிடுவோம், அதற்குப் பிறகு உடலை வைத்திருக்கும் சிற்றாலயம் வேறு ஆட்களுக்கு என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இந்த டெனிஷ் நாட்டில் அழுவதற்கும் நேரம் குறித்துத்தான் தருவார்கள்.

முதல் நாளே போயிருக்கலாம். ஆனால் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், சோறு கறி நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அவன் வீட்டுக்குப் பழஞ்சோற்றையா கொண்டுபோவது? விடிய எழும்பிச் சமைத்துப் பெரிய சட்டிகளை டிக்கியில் அடுக்கினேன். முன்னால் அம்மா, பின்னால் என் கணவர், மாமா, மாமி. அந்தச் சின்னக் காருக்குள் எல்லாரும் அடைந்துகொண்டு வெளிக்கிட்டோம். காரை ஓடியது நான்.

முதல் பாலத்தில் கார் குலுங்கும்போதெல்லாம் பின்னால் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. சட்டி உரசுகிறது என்றுதான் நினைத்தேன். நடுவழியில் ஒடென்சேக்குக் கிட்ட வர டயர் கருகிய மணம் மூக்கில் ஏறியது. வீதியோரத் தரிப்பிடம் ஒன்றில் நிற்பாட்டிவிட்டு இறங்கிப் பார்த்தேன். பாரத்தில் காரின் பின்பக்கம் அமுங்கிப்போய்க் கிடந்தது. சில்லுக்கு மேலே வளைந்து நிற்கும் மட்காட்டின் விளிம்பு டயரின் வெளி ஓரத்தைக் கரட் சீவுவதுபோலச் சீவியிருந்தது. சில்லுப் பூட்டின நாளில் அண்ணன் விரல் விட்டுப் பார்த்த இடத்தில் ஒரு தாள்கூட நுழையாது.

அந்தச் சில்லுகள், ரிம்மும் டயரும், அவனே தெரிந்தெடுத்துப் பூட்டியவை. என்னைவிட ஒன்றரை வயது மூத்தவன், கார் என்றால் உயிரை விடுவான்.

"எடியே, இந்தப் பதினைஞ்சு இஞ்சிச் சில்லோட உன்ரை கார் நோஞ்சான் மாதிரி நிக்குது. பதினேழு போடுவம்" என்று முன்பொருநாள் சொன்னான்.

"எனக்கு ரோட்டிலை ஓடினாக் காணும்."

"சும்மா இரு. சில்லைப் பெருப்பிச்சா டயரின்ரை உயரத்தைக் குறைக்க வேணும். அப்பதான் மொத்த விட்டம் பழைய அளவுக்கு வரும். இல்லாட்டி வேகமுள்ளு பொய் சொல்லும். டயர் அகலம் இருநூற்றிப் பதினைஞ்சு மில்லிமீற்றர். ரிம் கொஞ்சம் வெளியாலை தள்ளி நிக்கும், அதுதான் வடிவு."

பூட்டி முடித்ததும் டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "எத்தினை பேர் ஏறுவியள்?" என்று கேட்டான்.

"நான் ஒராள்தானே. வேலைக்குப் போறதும் வாறதும்."

"அப்பச் சரி" என்றான். வாகனப் பரிசோதனையிலும் கார் பிழையில்லாமல் தப்பியது. எனக்கும் உள்ளூர நல்ல புளுகமும் பெருமையும்தான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து வாசலில் அதைவிட வடிவான கார் நின்றதில்லை.

இப்போது அதே சில்லுக்குக் காலால் ஓங்கி உதைத்தேன். "நாசமாப் போன சில்லு! செத்தும் என்னை ஏன் அண்ணை கொல்லுறாய்?"

"பிள்ளை, செத்த ஆளைப் பேசாதை" என்றார் மாமி.

பழுதான காரை இழுக்கும் உதவி வண்டிக்குப் போன் போட்டேன். ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும் என்றார்கள். ஒடென்சேயில் உள்ள எங்கட ஆட்களில் யாரையாவது பிடிக்கலாம் என்றால், அவர்கள் எல்லாரும் காலையிலேயே அண்ணனின் செத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். காருக்குள் இருந்து அம்மா, "மூடிப் போடுவாங்களே, பிள்ளை?" என்று கேட்டார். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக் குழறி அழ வேண்டும்போல இருந்தது.

சட்டிகளை இறக்கிப் புல்லில் வைத்துவிட்டு ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். உரசியது. மாமாவும் மாமியும் இறங்கினார்கள். அப்போதும் கொஞ்சம் உரசியது. என் கணவர் நல்ல பாரம்.

"நானும் இறங்கிறன். நீ அம்மாவைக் கொண்டு போ. நாங்கள் டாக்சி பிடிச்சு, ஸ்டேசனுக்குப் போய் றெயிலிலை வாறம்" என்றார்.

"உங்களுக்கும் அவன்ரை முகம் பார்க்க வேணுமெல்லே?"

"அவன் என்ரை மச்சான். என்னோட கோவிக்கமாட்டான். போ!" என்று கதவை அடித்துச் சாத்தினார். அவர் அழுததைப் பக்கக் கண்ணாடியில்தான் கண்டேன்.

இரண்டாவதான பெரிய பாலத்தைப் பயந்து பயந்து கடந்தேன். டயர் எப்போது வெடிக்குமோ என்று வலது ஓரத்திலேயே மெதுவாக ஓடினேன். அம்மா செபமாலையைக் கையில் பிடித்திருந்தார், ஒரு மணியும் உருளவில்லை.

நான் சிற்றாலயத்துக்குள் ஓடினபோது இரண்டு பேர் மூடியைத் தூக்கிவிட்டார்கள். "வென்ட்! வென்ட்!" என்று டெனிஷில் கத்தினேன். பொறுங்கள் என்பதற்கு வேறு சொல் வாயில் வரவில்லை. அவர்கள் பொறுத்தார்கள். அம்மா பெட்டிக்குள் குனிந்து, "என்ரை ராசா" என்று மட்டும் சொன்னார். அவனுக்கு ஏச எவ்வளவோ வைத்திருந்தேன். அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது குளிர்ந்துபோய் இருந்தது.

மற்ற மூவரும் சோற்றுச் சட்டிகளோடு றெயிலில் வந்து சேர்ந்தபோது மண் போட்டு முடிந்துவிட்டது. என் கணவர் சட்டியைக் கீழே வைக்கவும் தெரியாமல் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா அண்ணியோடு தங்கிவிட்டார். மற்றவர்கள் வேறு ஆட்களின் வான் வண்டியில் ஏறினார்கள். என் காரில் பாரம் ஏற்ற எல்லாருக்கும் பயம். வீடு வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினேன். உரசினால் அவனைத் திட்டலாம், அவனோடு கொஞ்சம் கதைக்கலாம் என்று இருந்தது. இரண்டு பாலத்திலும் சில்லு ஒருக்காலும் உரசவில்லை. காருக்குள் நான் ஒராள்தான் இருந்தேன்.