ஆசியுரையில் மாட்டிக்கொண்ட கணினி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹட்டன் கடைத்தெருவில் மூட்டை சுமந்தேன், லொறியில் கிளீனராக ஏறினேன், பிறகு அந்த லொறியையே வாங்கினேன். இன்று ராகலை மரக்கறி கொழும்புக்குப் போவது பெரும்பாலும் என் வண்டிகளில்தான். யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள்.

என் தங்கை மகளுக்குப் பார்வை கிடையாது. பள்ளியில் படிக்கும்போது காய்ச்சல் வந்து கண் போய்விட்டது. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் தாயோடு இருந்தாள். நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பார்வை இல்லாதவர்களும் வரலாம், சொந்தக் கணினியையும் கொண்டு வரலாம். ஆனால் பரீட்சையில் தமிழில் ஒரு கடிதம் அடித்துக் காட்டவேண்டும். பரீட்சை பொங்கல் கழிந்து.

திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து சும்மா செய்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வழிகாட்டி எழுதவும் யார் வேண்டுமானாலும் சேரலாம். மென்பொருள் தமிழ் வாசிக்கும். அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் தமிழ்ப் பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது.

“ஊரு பேரு தெரியாதவனெல்லாம் சும்மா செஞ்சு குடுத்திருக்கான் மாமா. நம்ம படிச்சவங்க நாலு பக்கம் எழுத மாட்டாங்களா?” என்றாள் என் மருமகள்.

எழுதுவார்கள் என்று நம்பினேன். அது என் பெருந்தன்மை. என் மரக்கறிக் கடையின் மேல்மாடியைத் திறந்துவிட்டு ஆள் சேர்த்தேன். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், வங்கி அதிகாரி, கணினி வகுப்பு நடத்துகிறவர், ஓர் ஆசிரியை. நான்கு பேரும் சம்பளம் வேண்டாம், சேவை என்றார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு நடந்தது. ஒரு சதம் புழங்காத சங்கத்துக்குப் பொருளாளர்! என்னைப் போஷகர் ஆக்கினார்கள். தேநீரும் ரோல்ஸும் என் செலவு என்பதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. அடுத்த ஞாயிறு, வெளியீட்டு விழாவுக்கு எந்த மண்டபம் என்று வாதம். அதற்கடுத்த ஞாயிறு, யார் யாருக்குப் பொன்னாடை என்று மனஸ்தாபம்.

“சேர், எழுத்து எது வரைக்கும் வந்திருக்கு?” என்று அதிபரிடம் கேட்டேன்.

“அத்திவாரம் போட்டுக்கிட்டு இருக்கோம் ஐயா.”

“அத்திவாரத்துக்கே பக்கத்து பேக்கரிய காலி பண்ணிட்டீங்களே.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒருவழியாக வழிகாட்டி வந்தது. மருமகளைக் கூட்டிவந்து கணினிக்கு முன்னால் உட்காரவைத்தேன். நால்வரும் சுற்றி நின்றார்கள். கணினி வாசிக்கத் தொடங்கியது. முதலில் ஆசியுரை. பிறகு வாழ்த்துரை. அதிபரின் பட்டங்களை அது ஒவ்வோர் எழுத்தாகப் படித்தது. பிறகு வெளியீட்டுரை. மருமகள் மடியில் கைவைத்துக் காத்திருந்தாள். அடுத்து போஷகர் உரை.

“மாமா, இது நீங்களா பேசுறது?”

“நான் எங்கடி பேசினேன்?”

“பின்ன யாரோ உங்க பேர்ல தமிழன்னையின் பாதாரவிந்தங்கள்ல விழுந்து உருளுறாங்க.”

நான் அதிபரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

“இதெல்லாம் தாண்டிப் போக ஒரு பட்டன் இருக்குமே, அது எது?” என்று மருமகள் கேட்டாள்.

“அது மூணாவது அத்தியாயத்துல விளக்கமா இருக்கு தங்கச்சி,” என்றார் கணினி வகுப்புக்காரர்.

“மூணாவதுக்கு எப்படிப் போறது?”

ஒரு பாடாக உரைகள் தீர்ந்து, முதல் அத்தியாயம் வந்தது. ‘கீழே படத்தில் சிவப்பு வட்டமிட்டுக் காட்டியுள்ள பொத்தானை அழுத்தவும்’ என்றது கணினி.

மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்வை இல்லாதவளுக்குப் படம் போட்டு விளக்கம்! அதைப் படித்துப் பார்த்துச் சரி சொல்லியிருக்கிறார்கள், நான்கு படித்தவர்கள். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

என் லொறிகளில் ஒரு சட்டம் உண்டு. கோவாவை, அதாவது முட்டைக்கோஸை, ஏற்றியவனே கூடப்போய்க் கொழும்பில் இறக்கவேண்டும். நசுங்கியிருந்தால் வியாபாரியிடம் திட்டு வாங்குகிறவனும் அவன்தான். அதற்குப் பிறகு எவனும் கோவாவுக்கு மேல் உருளைக்கிழங்கு மூட்டையை வைக்கமாட்டான். அந்தச் சட்டத்தை மேல்மாடிக்குக் கொண்டுவந்தேன். உரைகளையெல்லாம் அழிக்கச் சொன்னேன். ஒரு பக்கத்தில் ஒரு வேலை மட்டும். எழுதியவர் மருமகளுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நிற்கவேண்டும். கணினி வாசிக்கும், அவள் செய்வாள். எந்த வரியில் அவள் கை நிற்கிறதோ, அந்த வரியைத் திருப்பி எழுதவேண்டும். பக்கம் தேறாமல் தேநீர் கிடையாது.

“நான் முப்பது வருசம் பரீட்சைத் தாள் திருத்தினவன்,” என்றார் அதிபர்.

“இப்ப அவ திருத்துறா. அப்படித் தள்ளி நில்லுங்க சேர்.”

அவர் முதல் வரியிலேயே மாட்டினார். அன்றோடு அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. வங்கி அதிகாரிக்குக் குடும்பத்தில் அடிக்கடி கல்யாணம் வந்தது. மிஞ்சியது கணினி வகுப்புக்காரரும் ஆசிரியையும். கணினிக்காரர் எந்நேரமும் மருமகளின் கையைப் பிடித்து விசையைக் காட்டப் போவார். அவர் கையைத் தட்டிவிடுவதே எனக்கு வேலையாகிவிட்டது. ஆசிரியையை மட்டும் குறை சொல்லமாட்டேன். பக்கத்தைத் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் அந்த டீச்சர் பிள்ளைக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு போய், ‘இடது கைச் சுண்டுவிரலைக் கீழ் மூலைக்குக் கொண்டுபோங்கள்’ என்று விரலுக்கு வழி சொல்லி எழுதிக்கொண்டு வந்தது.

அடித்த கடிதத்தைச் சேமிக்கும் பக்கம்தான் கடைசிவரை தேறவில்லை. பரீட்சைக்கு முந்திய ஞாயிறுதான், அந்தப் பக்கத்தில் மருமகள் கை எங்கும் நிற்காமல் போனது. அதற்கு முன்னால் அவள் அடித்த கடிதங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பரீட்சை மண்டபத்துக்கு வெளியே குளிரில் நின்றேன். மருமகள் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தாள்.

“என்னாச்சு?”

“அடிச்சேன், சேவ் பண்ணேன், திருப்பி வாசிக்க வெச்சும் பாத்தேன். பரீட்சை வெச்ச சேர் ‘இது என்ன இவ்வளவு வேகமா பேசுது, ஒண்ணும் விளங்கலயே’ன்னாரு. எனக்கு வெளங்குனா போதும் சேர்னு சொன்னேன்.”

“அடிப்பாவி, வேல குடுக்குற மனுசன்கிட்டயா?”

வேலை கிடைத்தது. சேர்ந்த வாரமே அதிபர் முழங்கால் சுகமாகி என் கடைக்கு வந்தார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை காலை, மருமகள் மேடையில் இருக்கவேண்டும் என்றார்.

“வேலை நாளாச்சே சேர்.”

“லீவு போடச் சொல்லுங்க ஐயா. இவ்வளவு செஞ்சிருக்கோம்.”

அலுவலக எண்ணைக் கொடுத்து, நீங்களே கேளுங்கள் என்றேன். என் மேசைத் தொலைபேசியிலிருந்தே அழைப்பு எடுத்தார். தன் பெயர், படிப்பு, வகித்த பதவிகள் என்று தொடங்கினார்.

“யார்கூட பேசணும்னு சொல்லுங்க சேர், லைன்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க,” என்ற மருமகளின் குரல் எனக்கே கேட்டது.