தொட்டில் சேலையும் வெள்ளி அட்டையும்

வெள்ளியில் அட்டைப்பூச்சி செய்து காலில் கட்டிக்கொண்டு ஒரு பெண் நடந்து வந்ததை என் கண்ணால் பார்த்தேன். கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டல் மண்டபம், சனிக்கிழமை பின்னேரம். மலையகப் பெண்களின் உடுப்பு மரபைக் கொண்டாடும் காட்சி என்று வாசலில் எழுதியிருந்தது. அந்தப் பெண்ணின் கன்னத்தில் மண்நிறப் பவுடர் அப்பியிருந்தார்கள். முதுகில் கூடை. தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் ஈரம் படாமல் இடுப்பில் கட்டுகிற படங்கு அவளுக்குப் பட்டில் தைக்கப்பட்டிருந்தது. கணுக்காலில் அட்டை, அதன் நுனியில் குடித்த இரத்தத்துக்காக ஒரு சிவப்புக் கல்.

"நம்மள சும்மா கடிச்சிச்சு தம்பி," என்றாள் பக்கத்திலிருந்த என் அக்கா. "இவளுக காசு குடுத்துக் கடிக்க விடுறாளுக."

அக்கா தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவள். முழங்கால் விட்டுப்போன பிறகுதான் நிறுத்தினாள். அவள் காட்சி பார்க்க வரவில்லை. தன் சேலையைத் திரும்ப வாங்கிப்போக வந்திருந்தாள்.

அது கட்டுகிற சேலை அல்ல, தொட்டில் சேலை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற அந்த நீளமான அறையில், விட்டத்தில் வரிசையாகச் சேலைகள் தொங்கும். ஒவ்வொரு தாயும் தான் உடுத்திய சேலையைத் துவைக்காமல் கொண்டுவந்து கட்டுவாள். தாயின் வாசம் இருந்தால்தான் பிள்ளை தூங்கும். எங்கள் குடும்பத்தில் இதற்கு மேலும் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிள்ளையைப் போட்ட சேலையை எடுத்துவைத்து, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கும்போது அதையே கட்டுவார்கள். அதற்கு முன் தாயாகப் போகிறவள் சில நாட்கள் அதைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும்.

அக்காவின் மகள், எனக்கு மருமகள், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வேலைக்குக் காற்சட்டை, வீட்டில் நைட்டி. உடுத்திப் பழசான சேலை என்று அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்தச் சேலையைத்தான் எல்லாரும் நம்பியிருந்தோம்.

நான் எதற்கும் காலம் குறித்துவைக்கிறவன். துணிகளின் வரலாறு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பவன். அந்தச் சேலையின் வயது எனக்கு நன்றாகத் தெரியும். மடவளையிலிருந்து துணிமூட்டையோடு தோட்டத்து லய வீடுகளுக்கு ஏறிவரும் முஸ்லிம் வியாபாரி நாநாவிடம், மருமகள் பிறப்பதற்கு முந்திய தீபாவளிக்கு அக்கா வாங்கியது. இந்தியாவில் ஏதோ ஆலையில் அச்சடித்த, 'வாயில்' என்கிற மெல்லிய பருத்திச் சேலை. வெள்ளையில் மஞ்சள் பூ. கயிறு உரசித் தேய்ந்த இடத்தை அக்கா சிவப்பு நூலால் இழையோட்டித் தைத்திருந்தாள். கோணலான தையல், கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், கொழும்பிலிருந்து ஒரு ஆடை வடிவமைப்பாளர் லயத்துக்கு வந்தாள். இளம்பெண், நன்றாகத் தமிழ் பேசினாள். அக்கா கொடுத்த பால் கலக்காத வெறுந்தேயிலையைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தாள். அக்கா மயங்கியது அதில்தான்.

"அன்ரி, இதுகளை உலகம் பாக்க வேணும். கண்ணாடிக்குள்ள வச்சுக் காட்டிப்போட்டு, நானே கொண்டந்து தாறன்."

"எம்மகளுக்குச் சித்திரை முடிஞ்சு புள்ள பொறக்கும்மா. அதுக்குள்ள வேணும்."

"ஐயோ அன்ரி, புதுவருசத்துக்கு முதலே வந்திடும்."

அக்கா சேலையைக் கொடுத்தனுப்பினாள். புதுவருடம் வந்தது, சேலை வரவில்லை. தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்து, வீட்டுக்கு வந்து, முப்பதாம் நாள் தொட்டில் கட்டும் நாளும் நெருங்கிவிட்டது. கட்டிலில் போட்டால் பிள்ளை அலறுகிறது என்று அக்கா தினமும் என்னிடம் சொல்வாள். அந்த நேரத்தில்தான் கண்டி டவுனில் அந்தக் காட்சியின் சுவரொட்டியைக் கண்டேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததுமே ஒரு பணியாள் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க அந்தக் கூடைக்குப் பக்கத்துல நில்லுங்க" என்றான். காட்சிக்குக் கொண்டுவரப்பட்டவள் என்று நினைத்துவிட்டான். அவள் உடுத்தியிருந்தது கோயிலுக்கென்று வைத்திருக்கும் நல்ல சேலை. அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு அப்படி நினைக்கச் சொல்லிக்கொடுத்த அந்த அறையின் மீதுதான் வந்தது. காற்றிலே தேயிலை வாசம் என்று எதையோ தெளித்திருந்தார்கள். கொழுந்து மணக்கிற மாதிரியும் இல்லை, கொதிக்கிற தேநீர் மாதிரியும் இல்லை. கழிப்பறையில் தொங்கவிடுகிற வில்லையின் வாசம்.

அட்டை கட்டியவளுக்கு அடுத்து வந்தவள் ஒரு கோட்டு அணிந்திருந்தாள். வெள்ளையில் மஞ்சள் பூ. நெஞ்சுக்கு நேரே, பதக்கம் குத்தியதுபோல, சிவப்பு நூலில் அந்தக் கம்பளிப்பூச்சி.

அக்கா என் கையைப் பிடித்தாள்.

காட்சி முடிந்து பொருட்களை மேசையில் பரப்பினார்கள். அதைவிட மோசமான ஒன்றை அங்கேதான் பார்த்தேன். அக்காவின் கோணல் தையலை இயந்திரத்தில் நகல் எடுத்து, மெத்தைத் தலையணை உறைகளிலும் கைப்பைகளிலும் ஒரே கோணலில் வரிசையாகத் தைத்திருந்தார்கள். கோட்டில் தொங்கிய விலைச்சீட்டில், ஒரு நூற்றாண்டு பழமையான, கையால் நெய்து மூலிகைச் சாயமிட்ட தோட்டத் துணி என்று எழுதியிருந்தது.

வடிவமைப்பாளர் எங்களைக் கண்டதும் கைகளை விரித்துக்கொண்டு வந்தாள்.

"அன்ரி! பாத்தீங்களோ? உங்கட சேலை இனி உலகமெல்லாம் போகப்போகுது."

"எங்க வீட்டுக்கு எப்பம்மா வரும்?"

அவள் சிரித்தாள். பகிடி என்று நினைத்திருப்பாள். நான் அந்தச் சீட்டைக் காட்டி, "இது மில்லில் அச்சடித்த துணி. வாங்கியவர் இதோ நிற்கிறார், அவருக்கே இன்னும் நூறு வயதாகவில்லை" என்றேன்.

"அது ஒரு ஃபீலுக்காக எழுதினது அங்கிள்."

"வெட்டப்போறேன்னு நீ சொல்லலையேம்மா," என்றாள் அக்கா. "பேரப்புள்ளைக்குத் தொட்டி கட்டணும்னு சொன்னேனா இல்லையா?"

"வெட்டேல்ல அன்ரி, புது உயிர் குடுத்திருக்கிறம்."

உயிரோடு இருக்கிற ஒன்றுக்குப் புது உயிர் கொடுப்பது எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கோட்டைக் கழற்றி வாங்கி, அக்காவின் தோளில் போட்டு, அணைத்துக்கொண்டாள். கமரா மின்னியது. "இது உங்களுக்கே அன்ரி, என்ர அன்பளிப்பு," என்று சத்தமாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சேலைக்குச் சொந்தக்காரிக்கு அந்தச் சேலையையே துண்டுகளாக அன்பளித்ததற்குக் கைதட்டல்! அக்கா அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். மறுநாள் எல்லாக் கைத்தொலைபேசியிலும் அந்தப் படம். 'வேரைச் சந்தித்த மரபு' என்று கீழே எழுதியிருந்தார்கள். ஆனந்தக் கண்ணீராம்.

தெல்தோட்டை பஸ்ஸில் அக்கா கோட்டைச் சொப்பிங் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை பையைத் திறந்து மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, உடனே சுருட்டி மூடினாள். "சவர்க்காரக் கட மாதிரி நாறுது."

வீட்டில் மருமகள் கோட்டை உட்புறம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு அது வேலை.

"முன்பக்கம் முழுக்க கம் ஒட்டி அயர்ன் பண்ணிட்டாங்க மாமா. இனி பிரியாது. முதுகும் கையும் மட்டும்தான் தேறும்."

"அத வச்சுத் தொட்டி கட்டலாமாடி?"

"ஒங்க பேரன் கோழிக்குஞ்சா? இந்தத் துண்டுல எப்படிம்மா படுப்பான்?"

அவள் தையலைப் பிரித்தாள். அக்கா துண்டுகளைச் சுடுநீரில் ஊறவைத்துத் துவைத்தாள். வெயிலில் போட்டாள், மறுபடியும் துவைத்தாள். வாசம் குறைந்ததே தவிர போகவில்லை. பிள்ளையின் முகத்தருகே பிடித்துப் பார்த்தபோது அவன் மூக்கைச் சுளித்து வீறிட்டான். அக்கா அன்றைக்குத்தான் அழுதாள். எந்தக் கமராவும் பக்கத்தில் இல்லை.

முப்பதாம் நாள் காலையில் மருமகள் தன் சுடிதார்ச் சால்கள் இரண்டை எடுத்தாள். வயிற்றுப்பிள்ளையோடு காற்சட்டை போட முடியாமல் சுடிதாரில் வேலைக்குப் போன மாதங்களில் தினமும் போட்டு, நிறம் வெளுத்தவை. இரண்டையும் நீளவாக்கில் சேர்த்து, காற்சட்டைக்குத் தைக்கிற மடிப்புத் தையலை இரட்டையாக ஓட்டினாள். விட்டத்தில் கட்டியதும் அக்கா தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள்.

"அம்மா, வீடு விழுந்துரும்!"

பிள்ளையைப் போட்டோம். கையைக் காலை உதைத்தான். துணியில் முகத்தைத் தேய்த்தான். பிறகு தூங்கினான். இந்தச் சால்களை யாரும் வெட்டக் கூடாது என்று அக்கா அப்போதே சொல்லிவிட்டாள்.

மஞ்சள் பூத் துண்டுகளை அவள் சதுரமாகக் கிழித்துப் பிள்ளைக்குப் பீத்துணியாக்கினாள். லயத்தில் எந்தப் பழைய சேலைக்கும் கடைசி வேலை அதுதான். மூக்கிலிருந்து தூரமாக இருப்பதால் பிள்ளைக்கும் ஆட்சேபணை இல்லை. பசை ஒட்டிய முன்பக்கம், அந்தச் சிவப்புத் தையலோடு, வாசலில் கால்மிதியாயிற்று. மழைநாளில் செம்மண்ணை நன்றாகவே பிடிக்கிறது.

அடுத்த வாரம் வடிவமைப்பாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். பேரப்பிள்ளையை அந்தத் துணியோடு ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா, தலைமுறைகளை இணைக்கிற மாதிரி இருக்கும் என்றாள். அக்காவிடம் சொன்னேன்.

"அந்தப் புள்ள கேக்குதுல்ல, அனுப்புங்க தம்பி. கொடியில காயுது பாருங்க."

எடுத்தேன். லயத்துக்குப் பின்னால், கம்பிக்கொடியில், துவைத்தும் கறை போகாத மஞ்சள் பூக்கள். எதையும் விவரமில்லாமல் அனுப்புவது என் பழக்கமல்ல. கீழே எழுதினேன்: அச்சடித்த வாயில் சேலை, மருமகள் பிறப்பதற்கு முந்திய தீபாவளிக்கு மடவளை வியாபாரியிடம் வாங்கியது, முதலில் தொட்டில், பின்னர் கோட்டு, தற்போது குழந்தையின் பீத்துணி, தினமும் பயன்பாட்டில் உள்ளது.

படத்தைப் பார்த்துவிட்டாள் என்று தொலைபேசி காட்டியது.