இரண்டு விண்டோவில் பன்னிரண்டாம் அறை

குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு அறைப்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோ. ஒன்றில் அறை பதிவார்கள். மற்றதில் சுத்தம் செய்த காலி அறைகள் தெரியும். இரண்டும் ஒரே பட்டியலைப் பார்க்க வேண்டும். நான் சோம்பேறித்தனமாக ஒவ்வொன்றுக்கும் தனி நகல் கொடுத்துவிட்டேன். ஒன்றில் மாற்றினால் மற்றதற்குத் தெரியாது.

வரவேற்பில் இருந்த அண்ணாச்சியிடம், "ரெண்டாவத அப்பப்ப மூடித் தொறந்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னேன். அப்படிச் செய்தால்தான் அதில் புதுப் பட்டியல் வரும். சாரல் நேரத்துக் கூட்டத்தில் யார் மூடித் திறப்பார்கள்? அருவியிலிருந்து ஈரத்தோடு வருகிறவர்களுக்குச் சாவியை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பதிவதுதான் அங்கே வழக்கம்.

அன்று பிரிண்டரைச் சரிபார்க்கப் போயிருந்தேன். அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் முதலாளி பன்னிரண்டாம் அறையை ஒரு குடும்பத்துக்குப் பதிந்துவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணாச்சி திரும்பி வந்தார். இரண்டாவது விண்டோவில் பன்னிரண்டு இன்னமும் காலி. முதல் சாவி துப்புரவு ஆளிடம் இருக்கும் என்று எண்ணினாரோ என்னவோ, பலகையில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்து, அருவிக் குளியலுக்குத் தேய்த்த எண்ணெய் வழிய நின்ற நான்கு ஆண்களிடம் நீட்டினார்.

அவர்கள் மேலே போய்க் கதவைத் திறந்தபோது உள்ளே அந்தக் குடும்பத்துப் பெண் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் போடவில்லை. அவள் அலறல் கீழே வரை கேட்டது. அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர் படியில் பாய்ந்து இறங்கி வந்தார்கள்.

"எவம்லே சாவியக் குடுத்தது?"

"நாந்தான்யா, கம்ப்யூட்டர்ல காலின்னு..."

முடிக்க விடவில்லை. ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்து மேசை விளிம்பில் அவர் முகத்தை மோதினான். பல் ஒன்று கீபோர்டில் விழுந்தது. இன்னொருவன் மானிட்டரைப் பிடுங்கி அவர் காதோடு சேர்த்து அடித்தான். கீழே விழுந்தவரை விலாவில் மிதித்தார்கள். நான் மூன்றடி தள்ளி பிரிண்டர் மூடியைப் பிடித்தபடி நின்றேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. பயம், வெறும் உயிர்ப்பயம்.

மறுநாள் இரண்டு விண்டோவையும் ஒரே பட்டியலைப் பார்க்க வைத்தேன். அரைமணி நேர வேலை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பிறகு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது காது இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார்களாம். வீங்கிய வாயால் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க மூடித் தொறக்கச் சொன்னிய, நாந்தான் செய்யல. முதலாளிட்ட மட்டும் சொல்லிராதிய, வேல போயிரும்."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி" என்றேன்.