பேர் இல்லாத புள்ளி

அந்த வீட்டில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் மட்டும்தான் நெட் நன்றாக வரும். அதனால் என் மருமகள் டிரம் மூடியின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்துதான் வேலை செய்வாள். நான் உலைக்கு அரிசி எடுக்க வந்தால் லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பாள். "எடுத்தாச்சா அத்தே?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் உட்காருவாள். திருப்பதியில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு அது. என் மகன் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் இறந்தபிறகு, நகரி பக்கம் இருந்த நிலத்தைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு நானும் அவர்களோடு வந்துவிட்டேன். ஐந்தாவதோடு நின்றவள் நான், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

அவள் வேலை பார்த்த ஆபீஸ் சின்னது, கூப்பிட்டால் மட்டும் போய் வருவாள். யாராவது இறந்துபோனால் அவர்கள் பேரில் நினைவஞ்சலிப் பக்கம் செய்துகொடுப்பார்கள். படம், ஊர், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், காரியம் என்றைக்கு, எல்லாம் அதில் இருக்கும். சொந்தக்காரர்களுக்குப் போனில் அனுப்பிவிடலாம். இத்தனை பேருக்கும் நீயே உட்கார்ந்து எழுதுகிறாயா என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தாள். "அப்படி எழுதினா கை ஒடிஞ்சிடும் அத்தே. ஒரே ஒரு டெம்ப்ளேட்டு எழுதி வச்சிருக்கேன். நடுவுல நடுவுல காலி எடம். ஊட்டுக்காரங்க பேருங்களைக் குடுத்தா, அதுங்க தானா போய் அந்தந்த எடத்துல குந்திக்கும்." அதற்கு ஒரு லைப்ரரி இருக்கிறது என்றும் சொன்னாள். லைப்ரரி என்றால் புத்தகம் இருக்குமே என்றேன். "இது வேற. யாரோ எழுதி வச்சதை நாம எடுத்துக்கறது. கடையில அரைச்ச மாவு வாங்கியாந்து தோசை ஊத்தறோம் இல்ல, அந்த மாதிரி." போனில் பார்க்கிறதை எச்.டி.எம்.எல். என்பாள். அச்சாபீஸ் மெஷின் படிப்பதற்கு அனுப்புவது எக்ஸ்.எம்.எல். விவரம் ஒன்றுதான், இரண்டு விதமாக வெளியே வரும். கேட்டுக் கேட்டு அந்த எழுத்துகள் எனக்கும் வாயில் வந்துவிட்டன.

மாடி வீட்டு அம்மாவுக்கு இந்த வேலையே பிடிக்காது. "ஒன் மருமவ எழவு சேதி எழுதி சம்பாரிக்குதாமே, வேற வேலை கெடைக்கலியா?" என்று துணி காயப்போடும்போது என்னிடம் கேட்பார். நான் ஈரத்துணியை உதறிக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து இவள் குரல் கொடுப்பாள்: "கவலைப்படாதீங்க ஆன்ட்டி, ஒங்களுதைப் பூவெல்லாம் வச்சு ஜோராப் பண்ணித் தரேன்." அந்த அம்மா கிளிப் டப்பாவைக்கூட எடுக்காமல் மாடியேறிவிடுவார்.

அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரு காரியம் உண்டு. கல்யாணமாகாத ஒரு பையன் வண்டியில் போய் அடிபட்டு இறந்துவிட்டான். அவனுடைய நினைவஞ்சலிப் பக்கத்தில் 'மனைவி' என்று போட்டு எதிரே ஒன்றுமில்லாமல் வந்துவிட்டது. அவன் தாய் அதைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு வந்து அழுதிருக்கிறாள். அன்றைக்கே என் மருமகள் டெம்ப்ளேட்டில் ஒரு விதி எழுதினாள். எந்த இடத்தில் விவரம் இல்லையோ அந்த வரியே வராது. "காலியா இருக்கறதைப் பாத்து இனிமே யாரும் அழ மாட்டாங்க அத்தே. கீழ இருக்கிற வரி மேல ஏறிக்கும். நடுவுல ஒன்னு இருந்துச்சின்னே தெரியாது." ஓனர் அவளைப் பாராட்டினாராம். வரும்போது ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய முடி. பேர் வைக்கிற நாள் வருவதற்குள் போய்விட்டது. மூச்சுப்பையில் குறை என்று டாக்டர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பேர் வைக்காத குழந்தைக்குக் காரியம் கிடையாது. எரிக்கவும் மாட்டார்கள். என் மகனும் கொழுந்தனாரும் துணியில் சுற்றி எடுத்துப்போய் எங்கேயோ புதைத்துவிட்டு, குளித்து ஈரத்தலையோடு வந்தார்கள். எந்த இடம் என்று தாய்க்குச் சொல்லக்கூடாதாம். சொல்லவில்லை. இவளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். நான்தான் கட்டினேன். காலையில் வைத்த பூ சாயங்காலத்துக்குள் வெந்தமாதிரி வதங்கிப்போகும், மாற்றிவைப்பேன். "எத்தினி நாளு அத்தே கட்டணும்?" என்று மட்டும் கேட்டாள். திருப்பதியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் பூக்கடைதான். அதற்கப்புறம் அவள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டுதான் வெளியே நடந்தாள்.

என் வீட்டுக்காரருடைய முதல் வருஷத் திதி வந்தது. அவருக்கும் அவள்தான் பக்கம் செய்திருந்தாள். திதிக்கு அதைப் புதுப்பித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பவேண்டும். கொழுந்தனாரும் வந்திருந்தார். காபி கொடுத்துவிட்டு நின்றவள், "மாமாவுக்குப் பேத்தி பொறந்துச்சில்ல. அதையும் போடணும். ஒரு பேரு சொல்லுங்க" என்றாள். கொழுந்தனார் டம்ளரைக் கீழே வைத்தார். "போனதுக்குப் பேரு வச்சா அடுத்தது தங்காதும்மா. பேரு வச்சிக் கூப்பிட்டா திரும்பித் திரும்பி வரும்." அவள் என் மகனைப் பார்த்தாள். அவன், "பெரியவங்க சொல்றாங்க இல்ல, வுடேன்" என்றான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஒரு பேருதானேப்பா" என்றேன். "நீ சும்மா இரும்மா, ஒனக்கு ஒன்னும் தெரியாது" என்றான்.

பேர் இல்லாமலே அவள் போட்டுப் பார்த்தாள். விவரம் கேட்கிற இடத்தில் முதலில் எத்தனை பேரப்பிள்ளைகள் என்று எண்ணிக்கை போடவேண்டும். ஒன்று என்று போட்டாள். பேர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டாள். பக்கம் வந்தது. பேரப்பிள்ளைகள் என்ற வரியே அதில் இல்லை. பிள்ளைகளுக்குக் கீழே நேராகத் திதி நாள் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "நான் எழுதின ரூலுதான் அத்தே. பேரு இல்லாததைத் தள்ளுன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். விதியைக் கொஞ்சம் மாற்றியிருந்தாள். எண்ணிக்கை இருந்து பேர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வரும். என் வீட்டுக்காரர் படம், பிள்ளைகள் பேர், அதற்குக் கீழே 'பேரப்பிள்ளைகள்'. அதன்கீழ் ஒரு கறுப்புப் புள்ளி. எதிரே ஒன்றும் இல்லை. அவள் அதன் அடியில் விரலை வைத்துக் காட்டினாள். "இதான் அத்தே பாப்பா." கடுகு அளவுதான் இருந்தது. நான் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். குழந்தை போனபிறகு அன்றைக்குத்தான் அவள் தட்டில் போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

எண்ணிக்கை இருந்து பேர் இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று அவள் நினைத்துவிட்டாள். டெம்ப்ளேட் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதானே, ஏற்கெனவே செய்த பக்கங்களும் அதோடு சேர்ந்து மாறிவிடும். பக்கத்தின் அடியில் அவள் நம்பர்தான் இருக்கும், விடிந்ததும் போன்கள் வர ஆரம்பித்தன. எத்தனையோ பக்கங்களில் பிள்ளைகள் பேர் வரிசையில் நடுவில் ஒரு புள்ளி முளைத்திருந்தது. விவரம் கொடுக்கும்போது வீட்டுப் பெரியவர்களை எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பழக்கத்தில் ஒரு எண்ணிக்கை சொல்லியிருக்கிறார்கள். பேர் எழுதும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் காலியாகவே நின்றிருக்கிறது. இதுவரைக்கும் அவள் விதி அதையெல்லாம் மூடி வைத்திருந்தது. ஒருவர் போனிலேயே கத்தினார்: "எங்க நைனாவுக்கு இன்னொரு புள்ள எங்கிருந்துமா வந்துச்சி? இங்க எங்கம்மா சோறு துன்னாம குந்திக்கினு கீது. யாரு அவ, எந்த ஊருன்னு கேக்குது!" வேறொரு நாளாக இருந்தால் அவளும் நானும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

ஓனர் தெலுங்குக்காரர், நல்ல மாதிரிதான். அன்றைக்கு அவர் குரல் எனக்கே கேட்டது. "அன்னி பேஜ்லலோ சுக்க ஏந்தம்மா?" எல்லாப் பக்கத்திலும் புள்ளி வைத்திருக்கிறாயே என்னம்மா இது என்றார். மத்தியானத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

அவள் விதியைத் திறந்து வைத்திருக்கும்போது இன்னொரு போன் வந்தது. கை லேப்டாப்பில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். புத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, என் வயசு இருக்கும். சத்தம் போடவில்லை. "யாரும்மா சொன்னது ஒங்களுக்கு?" என்றார்.

"எதும்மா?"

"பெரியவனுக்கும் சின்னவளுக்கும் நடுவுல ஒன்னு வச்சிருக்கீங்களே. அது எங்க ஊட்ல யாருக்கும் தெரியாதும்மா. எனக்கும் எம்புருசனுக்குந்தான் தெரியும். அவரும் பூட்டாரு. யாரு சொன்னது?"

"நீங்கதாம்மா சொல்லியிருப்பீங்க. எத்தினி பேருன்னு கேட்டிருப்பாங்க" என்றாள் மருமகள். "அப்படியா, நானா சொன்னேன்?" என்றார் அந்த அம்மா. அப்புறம், "அது இருக்கட்டும்மா, எடுத்துடாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் ஓனருக்குப் போன் போட்டாள். இரண்டே இரண்டு பக்கத்தில் மட்டும் புள்ளி இருக்கட்டும், அந்த அம்மாவுடையதிலும் எங்களுடையதிலும், என்று கேட்டாள். அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு மாதிரி என்று ஆரம்பித்தால் டெம்ப்ளேட் எதற்கு என்றார் அவர். அவரையும் குறை சொல்ல முடியாது, காலையிலிருந்து ஊரெல்லாம் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தது. என் மகனோ, வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்று வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தான்.

பழைய விதியை அவளே எழுதினாள். ஒரு தட்டு. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போய்விட்டது. "உள்ள இருக்குதும்மா, இல்ல?" என்று நான் கேட்டேன். "விவரத்துல ஒன்னுன்னு இருக்குது அத்தே. வெளியதான் வராது" என்றாள். கொஞ்ச நேரத்தில் புத்தூர் நம்பர் மறுபடியும் வந்தது. அவள் எடுக்கவில்லை. போன் டிரம் மூடிமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டே போனது. விழாமல் நான் பிடித்துக்கொண்டேன். எடுத்துப் பேச எனக்கும் வாய் வரவில்லை. என்னவென்று சொல்வது?

உடம்பு தேறட்டும் என்று சாந்திபுரத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. என் மகன் இரண்டு தரம் போய்விட்டுத் தனியாக வந்தான். பிறகு இரண்டு பக்கமும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள் என்று கேள்வி. மகனுக்கு மறுபடியும் கல்யாணம் செய்தோம். வந்தவள் நல்ல பெண், என்னைக் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். பையன் பிறந்திருக்கிறான், தவழுகிறான். தலைப்பேரன் என்று எல்லோரும் கொஞ்சுகிறார்கள். அவனை வாங்கி மடியில் போட்டுக்கொள்ளும்போது எனக்கும் சந்தோஷம்தான். யாராவது தலைப்பேரன் என்று சொல்லும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்க முடியாது, வேறெங்காவது பார்ப்பேன்.

இந்த வருஷத் திதிக்கு என் மகனே போனில் விவரங்களைப் புதிதாகப் போட்டான். பேரப்பிள்ளைகள் எத்தனை என்று கேட்டது. ஒன்று என்று போட்டு, பையன் பேரை எழுதினான். பக்கம் உடனே வந்தது. மருமகள் என்ற இடத்தில் புதியவள் பேர். எல்லா வரியும் நெருக்கமாக, ஒழுங்காக இருந்தது. அதே டெம்ப்ளேட்தான், எனக்குத் தெரியும். அவள் எழுதிய விதி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

"நான் போனப்புறம் எனக்கு இது வேணாம்பா" என்றேன்.

அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏம்மா? இதுல இன்னா கஷ்டம் கீது? ஒன் படத்தை மாத்தினா போதும். மத்ததெல்லாம் தானா வந்துடும்."