'காத்திருக்கவும்' மேடம்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு 'காத்திருக்கவும்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, போன் எடுக்கும் பெண்கள் வைத்தது. விபத்து நடந்த இடத்தைத் தட்டினால் பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று காட்டும் மென்பொருளை எழுதியவள் அவள்தான். அது வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் அந்தச் சொல்லைத்தான் ஆற அமரக் காட்டும். மறுமுனையில் கதறுகிறவரிடம் அதையா சொல்ல முடியும்?

மேலாளரும் பொறுத்துப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா தூக்கிடலாம்மா. பழையபடி ஒவ்வொரு டிரைவருக்கா போன் போட்டே கேட்டுக்கலாம்."

அவள் உடனே கணினி முன்னால் உட்கார்ந்தாள். ராப்பகலாக உழைத்து எழுதியதாயிற்றே!

வண்டிகளைத் தேடி எடுக்கும் SQL வினவலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தபோது கணவன் கூப்பிட்டான். "எப்ப வருவே?"

"ஏழாயிடும்."

அடுத்து மாமியார். "எப்பம்மா வருவே?" அதே பதில். போனை வைப்பதற்குள் மகள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்டி! ஒரே வீட்டுல உக்காந்துகிட்டு ஆளாளுக்கு என்னையே ஏன் கேக்கறீங்க? அவர்கிட்டக் கேளு!"

சொல்லி வாய் மூடவில்லை, கண் திரையில் குத்திட்டு நின்றது. அவள் எழுதிய வினவலும் அந்த வீட்டு லட்சணம்தான். அதற்குள் தெருத்தெருவாக வழி பார்த்துத் தூரம் கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது, நேரம் பிடிக்கிற வேலை. தூரத்தைக் காட்ட, எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க, வரிசைப்படுத்த என்று ஒரே வண்டிக்கு அதை மூன்று தரம் கூப்பிட்டிருந்தாள். பணிமனையில் சக்கரம் கழற்றிக் கிடக்கும் வண்டிகளைக்கூட விட்டுவைக்கவில்லை!

ஓடத் தயாராக இருக்கும் வண்டிகளை மட்டும் முதலில் பிரித்தாள். ஒவ்வொன்றின் தூரத்தையும் ஒரே தரம் கேட்டுத் தற்காலிக டேபிளில், அதாவது ஓர் அட்டவணையில், போட்டுவைத்தாள். மற்ற வேலையெல்லாம் அதைப் பார்த்து நடக்கட்டும் என்று மாற்றி எழுதினாள்.

சாயங்காலம் மேலாளர் கைகட்டி வந்து நின்றார். மேம்பாலத்தடியில் பைக் விபத்து என்று அழைப்பு வந்தது. போன் எடுத்த பெண் இடத்தைத் தட்டிவிட்டு, "கொஞ்சம் காத்திரு..." என்று வழக்கம்போல் ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். வண்டி எண் அதற்குள் திரையில் வந்து உட்கார்ந்திருந்தது.

"இதோ அனுப்பிட்டேன் சார்! பக்கத்துலதான் இருக்கு!"

அறையே கைதட்டியது. அவளுக்குப் பூரிப்பில் கண் கலங்கிவிட்டது.

"இதைப் போய் தூக்கறதா? யார் சொன்னது?" என்றார் மேலாளர், கூசாமல்.

பெயர் மட்டும் மாறவில்லை. "காத்திருக்கவும் மேடம்!" என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்புகிறாள்.