நீல டிரம்முக்குக் காவல்

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. அதை ஒரு குறை என்று நினைத்ததும் இல்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து, உயிரோடு இருக்கும் அண்ணனைச் செத்துப்போனதாக எழுதிக் கொடுத்த தம்பிகளை எல்லாம் பார்த்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? காய்கறி வாங்கும்போது தராசை ஒரு தரம் தட்டிப் பார்ப்பேன். பெற்ற மகன் போனில் சாப்பிட்டேன் என்றால், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் என்பார்களே, நான் போட்ட பிறகும் ஒருமுறை அளக்கிற ஜாதி.

எங்கள் வீட்டுக்கு நீச்சல் தொட்டி வந்தது சொகுசுக்காக இல்லை. என் வீட்டுக்காரர் பாலக்கோடு மண்டியில் தக்காளி வியாபாரம் செய்தவர். லோடு ஏற்றிய லாரியின் மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். முதுகெலும்பில் ஆபரேஷன், நான்கு மாதம் படுக்கை, அதோடு படுக்கைப் புண். புண் ஆறிவிட்டது, கால்தான் வரவில்லை. மார்பளவுத் தண்ணீரில் இறக்கித் தினமும் நடக்க வையுங்கள் என்று சேலத்து டாக்டர் சொன்னார். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், கால் மெல்லப் பழகும், ஆனால் இந்த ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் உண்டு என்றார். இன்னொன்றும் சொன்னார். புண் ஆறின இடத்துத் தோல் மெல்லிசு, தண்ணீரில் கிருமி இருந்தால் மறுபடி புண்ணாகும், மறுபடி படுத்தால் அப்புறம் எழுப்புவது கஷ்டம். அன்றிலிருந்து என் மண்டைக்குள் அந்த ஆறு மாதமும் கிருமியும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

பெங்களூரில் இருக்கும் மகன் ஆளனுப்பி வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பத்தடியில், நாலடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தான். எங்கள் போர் தண்ணீரை இரண்டு நாள் விட்டு விட்டு ஓட்டி நிரப்பினோம். குடிக்கவே தண்ணி இல்ல, இவங்களுக்கு நீஞ்சறதுக்குக் குளமாம் என்று தெருவில் பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். யார் யார் பேசினார்கள் என்று மட்டும் மனசில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் போர் தண்ணீர் லேசுப்பட்டது இல்லை. கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதைப் பக்குவப்படுத்தச் சேலத்துக் கடையிலிருந்து சாமான்கள் வந்தன. காரத்தைக் குறைக்க ஆசிட் கேன்கள், கிருமியைக் கொல்ல ஒரு நீல டிரம் நிறையக் குளோரின் தூள், சோதித்துப் பார்க்கச் சின்னக் குழாயும் சொட்டு மருந்தும். அதோடு யாரும் சொல்லாத ஒரு வெள்ளை மூட்டை. ஸ்டெபிலைசர் என்று எழுதியிருந்தது. ஓகோ, விவரம் தெரியாத பொம்பளை என்று தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது தொட்டி ஓரத்தில் நின்றவர் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் ஆபரேட்டர். நாற்பது வயது இருக்கும். தினமும் காலையில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, பிளீச்சிங் பவுடர் கலந்து, தெருவுக்குத் திறந்துவிடுவது அவர் வேலை. மருந்து போடத் தெரிந்தவர், நல்ல புஜபலம் உள்ளவர் என்று எங்கள் தொட்டியைப் பார்த்துக்கொள்ளவும், வீட்டுக்காரரைத் தூக்கித் தண்ணீரில் இறக்கவும் அவரைத்தான் வைத்திருந்தோம். என்னை அக்கா என்பார், அவரை அண்ணா என்பார். இந்த மூட்டை எதற்கு என்று அவரிடம் கேட்டேன். இருபது வருஷமாகத் தொட்டிக்குப் பிளீச்சிங் ஒன்றுதான் போடுகிறோம், இந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை என்றார். அது போதும் எனக்கு. கொண்டுவந்த வண்டியிலேயே மூட்டையைத் திருப்பி அனுப்பினேன்.

முதல் நாலைந்து நாள் நன்றாகத்தான் போனது. ஆபரேட்டர் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் காரத்தைச் சரிப்படுத்தினார். காலையில் குளோரினை வாளியில் கரைத்து ஊற்றிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்காரரை இரண்டு கையிலும் ஏந்தி இறக்குவார். தண்ணீருக்குள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்காரர் கட்டை விரலை அசைத்தார். ஆறு மாதம் கல்லாகக் கிடந்த விரல். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

சோதனை எளிதுதான். குழாயில் தொட்டித் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சளாக வரவேண்டும். மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. காலையில் அவர் சொட்டு விட்டுக் காட்டும்போது மஞ்சள் வரும். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு நானாகச் சோதித்தேன். வெறும் தண்ணீர் மாதிரி நின்றது, நிறமே இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் சுவரைத் தொட்டால் வழவழ என்றது, மூலையில் பாசி.

காலையில் போட்ட மருந்து சாயங்காலத்துக்குள் எங்கே போகும்? போடவில்லை என்றுதான் அர்த்தம். சோதனை செய்யும் இடத்தில் மட்டும் ஒரு கைப்பிடி தூவிக் கண்ணைக் கட்டுகிறார் என்று கணக்குப் போட்டேன். டிரம்மின் உள்பக்கம் பேனாவால் கோடு கிழித்தேன். தக்காளி எடை போடும் மிஷினில் வைத்தும் பார்த்தேன். அவர் சொன்ன அளவு டிரம்மில் சரியாகக் குறைந்திருந்தது. அதுவே என் சந்தேகத்தை அதிகமாக்கியது. டிரம்மை விட்டு வெளியே போகிறது, தொட்டிக்குள் போகவில்லை. அப்படியானால் எங்கே?

அந்த வாரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண், இப்பல்லாம் கொழாத் தண்ணியில மருந்து வாசம் தூக்கலா வருதுக்கா என்றாள். வந்தது வினை. பஞ்சாயத்துக்கு இரண்டு மாதமாகப் பிளீச்சிங் வரவே இல்லை என்று ஆபரேட்டரே முன்பு சொல்லியிருந்தார். எல்லாம் சேர்ந்துவிட்டது. எங்கள் குளோரின் ஊர்த் தொட்டிக்குப் போகிறது. வேலியே பயிரை மேய்கிறது. என் புருஷன் கால் இங்கே கிடக்கிறது!

வீட்டுக்காரரைத் தொட்டியில் இறக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டேன். அவர் கத்தினார். உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு என்றார். புண் திரும்ப வந்தால் யார் பார்ப்பது என்று நானும் கத்தினேன்.

மறுநாள் காலை ஆபரேட்டர் கிளம்பும்போது ஸ்கூட்டருக்குக் குறுக்கே போய் நின்றேன். சீட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் ஒருமாதிரி ஆனது. சீட்டைத் திறந்தார். வால்வு திருகும் இரும்புச் சாவி, ஒரு பழைய துணி, ஒரு டிபன் டப்பா. அதோடு விட்டிருக்கலாம். டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன், எடை எனக்கு ஒத்துவரவில்லை. திறந்தேன். ராகிக் களி உருண்டையும் கொஞ்சம் கீரைக் கடைசலும் இருந்தன.

டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"பாத்துட்டீங்களா மேடம்?" என்றார்.

அதுவரை அக்கா என்று கூப்பிட்டவர். வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்த் தெருமுனையில்தான் ஸ்டார்ட் செய்தார். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து ஆபரேட்டர் வரவில்லை.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. களி இருந்தால் என்ன, நேற்றே கொண்டுபோயிருப்பார் என்றுதான் நினைத்தேன். குளோரினை இரண்டு பாலிதீன் பைகளில் கட்டி என் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி நானே போடுகிறேன், யார் எடுக்கிறார்கள் பார்க்கலாம். அந்தப் புத்திசாலித்தனத்துக்குப் பத்தே நாளில் கூலி கிடைத்தது. கல்யாணப் பட்டின் ஜரிகை கறுத்து, இரண்டு புடவைகள் திட்டுத் திட்டாக வெளுத்துப் போயின. பீரோவைத் திறந்தால் கண் எரிந்தது.

நானே மருந்து போட்ட முதல் நாள், காலை ஏழு மணிக்கு அளந்து ஊற்றினேன். தொட்டி ஓரத்தில் நாற்காலி போட்டேன், குடையை விரித்துக்கொண்டேன், உட்கார்ந்தேன். சாப்பாட்டைக்கூட அங்கேயே வைத்துச் சாப்பிட்டேன். ஒரு ஈ காக்கா வரவில்லை. எட்டு மணிக்கு நல்ல மஞ்சள். பத்து மணிக்கு இளமஞ்சள். பன்னிரண்டு மணிக்கு இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு மணிக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. என் கண் முன்னாலேயே போய்விட்டது. சொட்டு மருந்து போலி என்று அடுத்து சந்தேகப்பட்டேன். ஒரு குழாயில் குளோரினைக் கரைத்துச் சொட்டு விட்டேன், ஆரஞ்சுப் பழம் மாதிரி நிறம் வந்தது.

வேறு வழியில்லாமல் சேலத்துக் கடைக்குப் போன் போட்டுச் சண்டைக்குத் தயாராகத்தான் பேசினேன். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி. ஸ்டெபிலைசர் போட்டீர்களா? அது எதற்கு என்றேன். திறந்த தொட்டியில் குளோரினை வெயில் தின்றுவிடும், தருமபுரி வெயிலுக்கு அரைநாள் தாங்காது, அதைத் தடுக்கத்தான் அந்த மூட்டை, நீங்கள்தானே திருப்பி அனுப்பினீர்கள் என்றார். பஞ்சாயத்துத் தொட்டிக்கு அது வேண்டாமே என்று இழுத்தேன். அது மூடி போட்ட தொட்டி, உள்ளே வெயில் ஏது என்றார்.

போனை வைத்தேன். இருபது வருஷமாக மூடியுள்ள தொட்டிக்கு மருந்து போட்டவர் தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவரை நான் நம்பியது அந்த ஒரு முறைதான், அதுதான் தப்பாய்ப் போனது. உண்மையாக இருந்த எல்லாவற்றுக்கும் திருடன் பட்டம் கட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தேன். பஞ்சாயத்துக்குப் புது மூட்டை வந்து மூன்று வாரம் ஆகிறதாம். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

மூட்டை மறுபடி வந்தது. போட்ட இரண்டு நாளில் சாயங்காலமும் மஞ்சள் நின்றது. பாசியைத் தேய்த்து எடுத்தேன். அடியில் கிடக்கும் டைல்ஸ் கோடு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்தது. இறக்கத்தான் ஆள் இல்லை. மகன் ஒரு ஞாயிறு வந்து தூக்கினான், படியில் கால் வழுக்கி இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நல்லவேளை, அடி இல்லை. தருமபுரியிலிருந்து சம்பளத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டோம், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் பிடித்தார். வீட்டுக்காரர் இனி எனக்குத் தண்ணியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வருகிற பெண் கட்டை விரலைத் தொட்டுப் பார்த்து, போன மாசம் இதைவிட நல்லா இருந்துச்சே என்றாள். ஆறு மாதத்தில் ஒன்றரை மாதத்தை என் சந்தேகம் தின்றிருந்தது.

ஒரு காலையில் பஞ்சாயத்துத் தொட்டிக்குக் கீழே போய் நின்றேன். ஆபரேட்டர் மேலே இருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். அவசரப்படாமல் மருந்தைக் கலந்து, மூடியைப் போட்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். தப்பு என்னுடையது என்றேன். வெயில், மூட்டை, மூடி எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவைத் திறந்ததையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணா எப்பிடி இருக்காரு என்று மட்டும் விசாரித்தார். விரல் மறுபடி கல்லாகிக்கொண்டு வருகிறது என்றேன். கையில் ஒட்டியிருந்த மருந்துத் தூளைத் தட்டிவிட்டார்.

"வரேங்க. ஆனா நான் அண்ணாவ எறக்கறப்ப நீங்க உள்ளார கதவச் சாத்திக்கிட்டு இருக்கோணும். நீங்க பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கை நடுங்குதுங்க மேடம். கை வுட்டுச்சுன்னா அவரு தாங்க மாட்டாரு."

என்னிடம் யாரும் அப்படி ஒரு நிபந்தனை போட்டதில்லை. என் வீட்டுத் தொட்டி, என் புருஷன், நான் பார்க்கக் கூடாதாம். நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, சரிப்பா என்றேன்.

மறுநாளிலிருந்து காலை எட்டு முதல் ஒன்பதுவரை பின்கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் இருப்பேன். தண்ணீர் சளசளக்கும். என்னவோ பேசிக்கொள்வார்கள். சத்தம் நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும். சாவித் துவாரம் ஒன்று அந்தக் கதவில் இருக்கிறது. அதில் நானே பஞ்சை அடைத்தேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. நான் நாளை எண்ணுவதை நிறுத்தவில்லை, வாயைத் திறந்து எதுவும் கேட்கவும் இல்லை.

போன மாதம் ஒரு காலை தண்ணீர்ச் சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. அப்புறம் ஈரத் தரையில் ஏதோ பட்பட்டென்று கேட்டது. இரண்டு ஆண்கள் சேர்ந்து சிரித்தார்கள். நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். கை அப்படியே நின்றது, திறக்கவில்லை. நெற்றியைக் கதவில் முட்டுக் கொடுத்துக்கொண்டு கதவு தட்டப்படும்வரை நின்றிருந்தேன்.

உள்ளே வந்து தலை துவட்டும்போது வீட்டுக்காரர் சொன்னார். தொட்டிக்கு வெளியே, யாரும் பிடிக்காமல், சுவர் ஓரமாக எட்டு அடி நடந்தாராம்.

யாரும் பிடிக்கவில்லையா, சுவரைத் தொட்டீர்களா, எட்டா ஏழா என்று ஆயிரம் கேள்வி எனக்கு வாயில் வந்தது. ஆபரேட்டர் வாசலில்தான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"சரிங்க" என்று துண்டை வாங்கிக்கொண்டேன்.